இரவு இரண்டு மணிக்கு யார் எழுவது?

அலுவலகத்தில் யாராவது கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னால், சில வாரங்களில் என்னிடம் ஒரு கேள்வி வந்துவிடும்: "நல்ல மெய்ட் ஏஜென்சி ஏதாவது தெரியுமா?" ஏஜென்சி பெயரைச் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன். வரப்போகிறவர் உங்கள் வீட்டில் எங்கே படுப்பார்? "அதெல்லாம் இன்னும் யோசிக்கலையே" என்பதுதான் பெரும்பாலும் பதில். சிங்கப்பூரில் பிள்ளை பார்க்க ஆள் வைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியதே அதுதான் என்பது என் எண்ணம். எந்த நாட்டுக்காரர், எவ்வளவு சம்பளம், நம் சமையல் வருமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் நிலைமை இங்கே பலருக்கும் வருவதுதான். எனக்கு 16 வாரம் மகப்பேறு விடுப்பு. அம்மா திருவாரூரிலிருந்து வந்து, பூண்டும் பால்சுறாவுமாகச் சமைத்துப் போட்டு, பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்ட எனக்குப் பழக்கிவிட்டு, விசா முடிந்ததும் கிளம்பிவிட்டார். மாமியார் ஈசூனில் கொழுந்தனார் வீட்டில் இருக்கிறார். இரண்டு முழங்காலிலும் வலி. பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சுவார், தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. கணவருக்கு துவாஸில் வேலை, நாங்கள் இருப்பதோ செங்காங்கில். தீவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தினமும் போய்வருகிறார். எனக்கு மாலை அழைப்புகள் எட்டு மணி வரை நீளும்.

குழந்தைப் பராமரிப்பு நிலையம் ஒன்றையும் பார்த்தோம். இரண்டு மாதக் குழந்தையிலிருந்து 18 மாதம் வரை அங்கே ஒரு பிரிவு. காலை 7 முதல் மாலை 7 வரை. மானியத்துக்கு முன் மாதக் கட்டணம் ஆயிரத்துச் சில நூறு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பிள்ளை குடிமகளாக இருந்து தாய் வேலைக்குப் போனால் அடிப்படை மானியமாக 600 வெள்ளி கழியும். நல்ல இடம்தான், ஆசிரியைகளும் பொறுமையானவர்கள். ஆனால் ஏழு மணிக்குக் கதவு மூடிவிடும். காய்ச்சல் அடித்தால் பகலிலேயே கூப்பிட்டு அழைத்துப்போகச் சொல்வார்கள். கை, கால், வாய்ப்புண் நோய் வந்துவிட்டால் பல நாள் வீட்டில்தான். எங்கள் இருவர் வேலை நேரத்துக்கும் அது ஒத்துவரவில்லை.

பணிப்பெண் வைக்க ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தேன். சம்பளம் 700 வெள்ளிக்கு மேல். அரசுக்கு மாதாமாதம் கட்டும் தீர்வை 60 வெள்ளி. வீட்டில் 16 வயதுக்குட்பட்ட குடிமகப் பிள்ளை இருப்பதால் கிடைக்கும் சலுகை அது. சலுகை இல்லையென்றால் 300 வெள்ளி. எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில், இருக்கும் என் தோழி அந்த 300-ஐத்தான் கட்டுகிறாள். அதில் ஒரு காசுகூட வேலை செய்பவர் கைக்குப் போகாது என்பது எனக்கு இன்றுவரை உறுத்தும் விஷயம். இது போக 5,000 வெள்ளிக்கான பிணை உத்தரவாதம், மருத்துவக் காப்பீடு, விபத்துக் காப்பீடு, ஆறு மாதத்துக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை, சாப்பாடு, சோப்பு, சீப்பு, ஊர் போக விமான டிக்கெட். எல்லாம் சேர்த்தால் மாதம் ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடுகிறது. மானியம் போன பிறகு நிலையத்துக்குக் கட்டுவதைவிட இது அதிகமாகவே வரும்.

அப்படியிருந்தும் சிங்கப்பூரில் ஐந்து குடும்பத்தில் ஒன்று பணிப்பெண் வைத்திருக்கிறது. 1978-இல் வெளிநாட்டுப் பணிப்பெண்களை அனுமதிக்கும் திட்டம் தொடங்கியபோது வந்தவர்கள் கொஞ்சம் பேர். 2023 முடிவில் 2,80,000-க்கும் மேல். சமைப்பார், துவைப்பார், பெருக்குவார் என்பதெல்லாம் காரணம்தான். ஆனால் முதல் காரணம் வேறு: வீட்டோடு இருப்பவருக்கு மூடும் நேரம் கிடையாது. மாலை ஏழுக்குப் பிறகும் இருப்பார், காய்ச்சல் அன்றைக்கும் இருப்பார், நடுராத்திரியும் இருப்பார். நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த முடிவில்லாத நேரத்தைத்தான். அது ஒருத்தருடைய உடம்பிலிருந்து வருகிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

புக்கிட் தீமா, காத்தோங் பக்கத்துப் பழைய ஷாப்பிங் சென்டர்கள் இந்த ஏஜென்சிகளுக்குப் பேர்போனவை. மாடி மாடியாகக் கடை, கண்ணாடியில் வரிசையாகப் புகைப்படம். கடை வாசலில் பெண்களை உட்காரவைத்துக் காட்சிப்பொருள் போல விளம்பரம் செய்கிறார்கள் என்று 2014-இல் வெளிநாட்டு ஊடகங்களில் செய்தி வந்து, மனிதவள அமைச்சு எச்சரிக்கை விட்டது. நாங்கள் போனபோது அப்படி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு தடித்த கோப்பைத் தந்தார்கள். அதில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பயோடேட்டா. முழு உருவப் படம், உயரம், எடை, மதம், உடன்பிறந்தோர் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, பன்றி இறைச்சி தொடுவாரா, மாட்டிறைச்சி தொடுவாரா. கைக்குழந்தை பார்க்கத் தெரியுமா என்பதற்கு எதிரே ஐந்துக்கு மூன்று, ஐந்துக்கு நான்கு என்று மதிப்பெண்.

அந்தத் தாளில் ஒரு வரி என்னை நிறுத்தியது. மாதத்துக்கு எத்தனை ஓய்வுநாள் விருப்பம் என்று கேட்டு, ஒரு கோடு. புரட்டப் புரட்ட அதில் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே எழுதியிருந்தது. நான்கு என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. அவர்கள் ஏற்கெனவே இங்கே சில வருடம் வேலை பார்த்தவர்கள். கடைக்காரர் அதைக் குறையாகச் சுட்டிக்காட்டி, புதிதாக வருபவர்களை எடுத்தால் இந்தத் தொல்லை இருக்காது என்றார். புதிதாக வருபவர்களுக்கு ஏன் அந்தத் தொல்லை இல்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வரும் பெண் பயிற்சி, பயணம், முகவர் கட்டணம் என்று பல மாதச் சம்பளத்தைக் கடனாகச் சுமந்துகொண்டுதான் விமானம் ஏறுகிறார். முதலாளி முன்பணமாகக் கட்டிவிட்டு மாதாமாதம் பிடித்துக்கொள்கிறார். அந்த மாதங்கள் முடியும்வரை அவர் கைக்கு வருவது சொற்பம். அந்த நிலையில் இருக்கிற ஒருவரிடம் விருப்பம் என்ன என்று கேட்டால் என்ன எழுதுவார்?

வாரம் ஒரு ஓய்வுநாள் என்பது 2013-இல்தான் சட்டமானது. அதிலும் அவர் சம்மதித்தால், ஒருநாள் சம்பளத்தைக் கொடுத்து வேலை வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சம்மதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஒரு வழக்கு காட்டியது. மியன்மாரிலிருந்து 2015-இல் வந்த ஓர் இளம்பெண். ஊரில் அவருக்குச் சின்ன மகன். கைப்பேசி வேண்டாம், ஓய்வுநாள் வேண்டாம் என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கச் சேர்ந்தார். இரவில் ஐந்து மணிநேரம்தான் தூக்கம் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அடியும் பட்டினியுமாக 2016 ஜூலையில் இறந்தபோது எடை 24 கிலோ. இறப்பதற்குச் சில மாதம் முன் ஒரு மருத்துவர் காயங்களைப் பார்த்திருக்கிறார். அடிக்கடி விழுந்துவிடுகிறாள் என்று சொல்லி அழைத்துப்போய்விட்டார்கள். 2021-இல் முதலாளி அம்மாவுக்கு 30 ஆண்டு சிறை. அது தமிழ்ப் பெயர் கொண்ட குடும்பம். அந்த வாரம் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு சில மாற்றங்கள் வந்தன. ஆறு மாதப் பரிசோதனையில் மருத்துவர் இப்போது எடையையும் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார், காரணம் தெரியாத காயம் இருக்கிறதா என்று பார்க்கிறார். 2023 ஜனவரியிலிருந்து, மாதத்தில் ஒரு ஓய்வுநாளையாவது எந்தப் பணத்துக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் தினமும் எத்தனை மணிநேரம் வேலை என்பதற்கு இன்னும் வரம்பு கிடையாது. மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ள வேலைவாய்ப்புச் சட்டம் வீட்டுப் பணியாளர்களைச் சேர்க்கவில்லை. வேலை அனுமதியின் நிபந்தனைகள் போதுமான ஓய்வு தர வேண்டும் என்கின்றன. எவ்வளவு போதும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை ஒன்றை உலகத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் கொண்டுவந்தது, 189-ஆம் எண். பிலிப்பீன்ஸ் மறுவருடமே ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூர் இன்னும் ஏற்கவில்லை.

சட்டம் இப்படி விட்டுவைத்த இடத்தில், வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதை முடிவு செய்வது வீட்டின் அறைகள்தான்.

எங்களுடையது வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய, நாலறை வீடு. கூடத்தையும் சேர்த்துத்தான் நாலு, படுக்கையறை என்று பார்த்தால் மூன்று. சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு காப்பறை இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில் இருப்பது. போர் வந்தால் ஒதுங்குவதற்காகக் கட்டியது. தடித்த கான்கிரீட் சுவர், கனமான இரும்புக் கதவு, சன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பகல் வெளிச்சமும் இல்லை, சரியான காற்றோட்டமும் இல்லை. நாங்கள் அதில் அரிசி மூட்டை, பெட்டிகள், பழைய மின்விசிறி வைத்திருந்தோம். எங்கள் புளோக்கிலேயே சில வீடுகளில் பணிப்பெண் அதற்குள்தான் படுக்கிறார். பகலில் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு, சாமான்களுக்கு நடுவே இரவில் விரித்துக்கொள்கிறார். அமைச்சின் வழிகாட்டியில் காற்றோட்டம், மெத்தை, தலையணை, தனிமை எல்லாம் சொல்லியிருக்கிறது. தனி அறை தர முடியாவிட்டாலும் போதுமான இடமும் மறைவும் தர வேண்டும், பெரிய ஆண்பிள்ளைகளோடு ஒரே அறையில் படுக்கவைக்கக் கூடாது. ஆனால் கைக்குழந்தையோடு ஒரே அறையில் படுக்கவைப்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பலர் அதை வசதியாகவே நினைக்கிறார்கள்.

ஏஜென்சியிலும் அதைத்தான் சொன்னார்கள். பாப்பா அறையிலேயே ஒரு மெத்தை போட்டுவிடுங்கள், தனியாக இடமும் தேவையில்லை, பிள்ளை அழுதால் உடனே பார்த்துக்கொள்வார், நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! நான்கு மாதம் சரியாகத் தூங்காத ஒரு தாய்க்கு அதைவிட ஆசைகாட்டும் பேச்சு வேறு இல்லை. ஆனால் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். காலை ஆறுக்கு எழுந்தவர் இரவு ஒன்பதுக்குப் பாத்திரம் கழுவி முடிக்கிறார். பத்துக்குப் படுக்கிறார். பன்னிரண்டுக்கு ஒரு பால், இரண்டரைக்கு ஒரு பால், ஐந்துக்கு ஈரத்துணி. பிறகு ஆறு மணி. இரவு வேலை செய்யச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை. மெத்தை விழுந்த இடத்திலேயே வேலை நேரம் 24 மணியாகிவிட்டது. வீட்டுக்காரர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அழுகுரல் அவர்கள் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

நானும் கணவரும் இதைப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். தொட்டில் எங்கள் அறையில். மூன்றாவது அறை, அதாவது கணவர் கணினி வைத்திருந்த அறை, வரப்போகிறவருக்கு. கணினி கூடத்துக்கு வந்தது. அறைக்கு ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். இரவில் பிள்ளை எழுந்தால் இரண்டு மணி வரை கணவர் பார்ப்பார், அதற்குப் பிறகு நான். ஃப்ரிட்ஜில் பால் எடுத்து வைத்திருப்பேன்.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் வந்து அறையை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சம்பளம் குடுத்து ஆள் வெச்சுட்டு, நீ எதுக்கும்மா ராத்திரி முழிக்கணும்?"

"பகல் முழுக்கப் பிள்ளைய அவங்கதானே அத்தை தூக்கிட்டு நடக்கப் போறாங்க. தூக்கம் இல்லாத ஆள் கையில கொடுக்க எனக்குப் பயமா இருக்கு."

"எங்க காலத்துல இதெல்லாம் யாரு பார்த்தா?"

"உங்க காலத்துல ராத்திரி யாரு எழுந்தீங்க?"

"நான்தான்" என்றார். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். எழுபதுகளில் அவர் தொழிற்சாலை வேலைக்குப் போனபோது, பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவாராம். மாதம் ஒரு தொகை, பெருநாளுக்குத் துணிமணி. மாலை வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டால் பாட்டியின் வேலை முடிந்துவிடும். அவரவர் வீடு, அவரவர் இரவு. அந்த ஏற்பாடு இன்று ஏறக்குறைய இல்லை. அரசு 2024 டிசம்பரில் தொடங்கிய குழந்தை பராமரிப்பாளர் முன்னோட்டத் திட்டம் அதன் பக்கம் திரும்புவதாக எனக்குத் தோன்றுகிறது. இரண்டு மாதம் முதல் 18 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பராமரிப்பவர் தன் வீட்டிலோ சமூக இடத்திலோ பகலில் பார்த்துக்கொள்வார். அது பரவ வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆளைத் தேடும்போது, ஏற்கெனவே இங்கே வேலை செய்து ஒப்பந்தம் முடியும் நிலையில் இருப்பவர்களைப் பார்த்தோம். டிரான்ஸ்ஃபர் என்பார்கள். அவர்களுக்கு அந்தப் பழைய கடன் இருக்காது. நடு ஜாவாவில் கெண்டால் மாவட்டத்துக்காரர் ஒருவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் பேசினோம். மாமியாருக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு என்பதால் அவரும் உட்கார்ந்தார். நான் ஒரு தாளில் கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். காய்ச்சல் எத்தனை டிகிரி வந்தால் என்னைக் கூப்பிடுவீர்கள், புரையேறினால் என்ன செய்வீர்கள், இப்படி. நிதானமாகப் பதில் சொன்னார். புரையேறினால் குப்புறக் கிடத்தி முதுகில் தட்டுவதைத் தன் கைப்பையைத் தொடையில் கிடத்திச் செய்து காட்டினார். அவருக்கு ஊரில் எட்டு வயது மகன், பாட்டியிடம் வளர்கிறான்.

பிறகு, உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். முதலில் சம்பளத்தைக் கேட்பார் என்று நினைத்தேன். கைப்பேசியைக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "மேம், நான் பேபி ரூமில் படுக்கணுமா?" அதற்கு முன் இருந்த வீட்டில் இரட்டைக் குழந்தைகள். அவர்கள் அறையில்தான் அவருக்கும் மெத்தை. ஒருவன் தூங்கினால் இன்னொருவன் எழுவானாம். அந்த வீட்டார் மீது அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. நல்லவர்கள், சம்பளம் ஒழுங்காகத் தருவார்கள், பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவார்கள் என்றார். தூக்கத்தைப் பற்றி மட்டும் கேட்டார். அதை மலாயில் காதில் வாங்கிய மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அறை விஷயத்தில் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

அந்தக் கெண்டால்காரரையே வேலைக்கு எடுத்தோம். அவர் வந்த முதல் வாரங்களில் நான் கவனித்தது அவருடைய கைகளை. குளியல் தொட்டியில் வெந்நீரை முழங்கை வைத்துப் பார்ப்பார். பிள்ளையை இறக்கும்போது முதலில் பாதம், பிறகு இடுப்பு, கடைசியில் தோள். இடது கை கழுத்துக்குக் கீழேயே இருக்கும், ஒருமுறைகூட எடுக்கமாட்டார். அக்குளிலும் தொடை மடிப்பிலும் விரலால் நீவிக் கழுவி, துடைக்கும்போது மடிப்பைப் பிரித்து ஒற்றி எடுப்பார், தேய்க்கமாட்டார். காதுக்குப் பின்னால் பால் வழிந்து காய்ந்து ஒரு சிவப்பு வந்திருந்தது. நான் பார்க்கவில்லை, அவர்தான் பார்த்தார். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எவ்வளவு மில்லி பால், எப்போது தூங்கினாள், வயிறு எப்படிப் போனது என்று எழுதினார். பகல் வரிகள் அவருடைய சாய்ந்த எழுத்தில், பின்னிரவு வரிகள் என் எழுத்தில். மருத்துவரிடம் போனால் அந்த நோட்டைத்தான் முதலில் கேட்பார். இந்தக் கவனம் ஓய்ந்த உடம்பிலிருந்து வராது. தூங்கி எழுந்தவரிடமிருந்துதான் வரும்.

எளிதாக இருந்தது என்று சொல்லமாட்டேன். இரண்டு மணிக்கு எழுந்து பால் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக் கூட்டத்தில் உட்காருவது கஷ்டம்தான். கணவர் சனிக்கிழமை இரவுகளை எடுத்துக்கொண்டார். ஆறேழு மாதத்தில் பிள்ளை இரவில் ஒரே முறைதான் எழுந்தாள். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் போதும் என்று புதுத் தாய்மார்களிடம் சொல்வேன்.

கேமரா விஷயத்தையும் கேட்பார்கள். கூடத்தில் ஒன்று வைத்திருக்கிறோம். வேலைக்குச் சேரும் முன்பே சொல்லி, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டினோம். அவர் படுக்கும் இடத்திலும் குளியலறையிலும் வைக்கக் கூடாது என்பது விதி. பிள்ளையோடு ஒரே அறையில் அவர் படுத்தால் இந்த விதி என்னவாகும்? தொட்டிலைப் பார்க்க வைத்த கேமரா அவர் தூங்குவதையும் உடை மாற்றுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும். இதையும் யாரும் யோசிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கு அவர் கிளம்பிவிடுவார். பாயா லேபாரில் அவர் ஊர்க்காரர்கள் கூடுவார்கள். பள்ளியைப் பாதியில் விட்டவர், அதை முடிக்க ஞாயிறு வகுப்புக்கும் போகிறார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பிள்ளையைப் பார்க்கத் திணறுவோம். ஒருவர் குளிக்கப் போனால் இன்னொருவர் கையில் பிள்ளை, அடுப்பில் சோறு, வாசலில் பார்சல். அவர் மற்ற ஆறு நாளும் தனியாகச் செய்கிற வேலை எவ்வளவு என்பது எங்களுக்கு அந்தக் கிழமைகளில்தான் சரியாகத் தெரிந்தது. மின்தூக்கியில் பார்க்கும் ஓர் அக்கா, நாலு ஞாயிறும் விட்டால் ஆள் கெட்டுவிடும், அப்புறம் ஏதாவது செய்துவைத்தால் 5,000 வெள்ளி உங்கள் தலையில் என்பார். ஓய்வுநாளில் அவர் தன் சொந்த வாழ்க்கையில் செய்யும் காரியத்துக்கு அந்தப் பிணைத்தொகை பறிபோகாது என்று 2010-லேயே விதியை மாற்றிவிட்டார்கள். அந்தப் பயத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை.

மூன்றறை வீட்டில், அதாவது இரண்டே படுக்கையறையில் இருப்பவர்கள் என்ன செய்வது என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. இங்கே வீட்டு விலையும் வாடகையும் இருக்கும் லட்சணத்தில் ஒரு அறையை ஒதுக்குவது எல்லாராலும் முடியாது. பணிப்பெண் வெளியே தங்கவும் சட்டம் இடம் கொடுப்பதில்லை. வேலை செய்யும் வீட்டிலேயேதான் தங்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: கதவு சாத்திப் படுக்க ஓர் இடம் தர முடியாவிட்டால் வீட்டோடு ஆள் வைக்காதே. நிலையத்தைப் பார், பகல்நேரப் பராமரிப்பாளரைப் பார், மணிக்கணக்கில் ஆள் அனுப்பும் நிறுவனங்களைப் பார். அதுவும் முடியாமல், பிள்ளையோடு ஒரே அறைதான் என்றால், இரவு எழுவதை வேலை நேரமாக எழுதி வை. அதற்குத் தனிச் சம்பளம் கொடு. மறுநாள் பகலில் பிள்ளை தூங்கும்போது அவரும் தூங்குவார், அப்போது மாவு அரைக்கச் சொல்லாதே. அவள் கொஞ்சம் முகம் சுளித்தாள். ஆனால் நிலையத்தில் பெயர் பதிந்துவிட்டாள்.

இப்போது எங்கள் மகள் காலையில் பாலர் பள்ளிக்குப் போகிறாள். இரண்டு வருட அனுமதி முடிந்து புதுப்பிக்கும் நேரம் வந்தபோது நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசினோம். சம்பளம் 80 வெள்ளி கூட்டினோம். தினசரி ஓய்வு என்ற கோட்டில் இரவு 9 முதல் காலை 6 வரை என்று எழுதினோம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத இரவில் உதவி தேவைப்பட்டால் மறுநாள் காலை அவருக்கு ஓய்வு. அவர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: விருந்தாளிகள் சாப்பிட வருவதாக இருந்தால் ஒருநாள் முன்பே சொல்ல வேண்டும். நியாயம்தான், சேர்த்தோம். ஜூன் கடைசியில் அவருடைய மகனுக்குப் பள்ளி விடுமுறை. அந்தச் சமயத்தில் இரண்டு வாரம் ஊருக்குப் போகிறார். நானும் கணவரும் ஆளுக்கு ஆறு நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பை மாற்றி மாற்றி எடுக்கிறோம். மிச்ச நாட்களுக்கு மாமியார் வந்து தங்குகிறார். மூன்றாவது அறையைப் பூட்டிவிட்டுச் சாவியை ஊருக்குப் போகிறவரே எடுத்துப்போகலாம் என்று சொல்லிவிட்டதால், மாமியாருக்குக் கூடத்தில் சோபா கட்டில் ஒன்று வாங்க வேண்டும்.